கூண்டுக் கிளி ஏன் குற்றம்?

குட்டீஸ்... சென்னை ராயப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி. அங்கே பல ஆண்டுகள், காலையிலும் மாலையிலும் ஓர் அதிசயம் நடந்து வந்தது. பலகைகளில் ஊற வைத்த அரிசியை வரிசையாக வைப்பார் ஒருவர். கேமரா பழுது பார்ப்பது அவரது தொழில். சற்று நேரத்தில் பக்கத்து மின்கம்பிகளில் பச்சைக்கிளிகள் வந்து உட்காரும். முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு கம்பியே தெரியாத அளவுக்குக் கூட்டம்! அரிசிக்குச் சண்டை போட்டு, வயிறு நிறையத் தின்றுவிட்டு, 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டே பறந்து போய்விடும். 2004ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு சில கிளிகள்தான் வர ஆரம்பித்தன. அப்புறம் அது ஆயிரக்கணக்கில் பெருகியது. அவற்றில் ஒன்றைக்கூட அவர் கூண்டில் அடைக்கவில்லை.

அதே சென்னையில் இன்னொரு செய்தி. 2023ம் ஆண்டு பிப்ரவரி மாதம், திரைப்பட நடிகர் ஒருவர் வீட்டில் வளர்ந்த இரண்டு கிளிகளை வனத்துறையினர் மீட்டனர். அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம், இரண்டரை லட்சம் ரூபாய்!

அடுத்த ஆண்டு ஏப்ரலில், கடலூரில் தேர்தல் பரபரப்பு. 'இந்த வேட்பாளர்தான் ஜெயிப்பார்' என்று ஒரு கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது. அந்த வீடியோ எல்லா இடமும் பரவியது. பிறகு, அந்தக் கிளி ஜோசியரை வனத்துறையினர் பிடித்தனர். கிளிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

இந்தச் செய்திகளைப் படித்ததும் உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். கிளியை யாரும் அடிக்கவில்லையே! பழம் கொடுத்து, செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தானே வளர்க்கிறார்கள்? அது எப்படிக் குற்றமாகும்?

நியாயமான கேள்விதான். வாருங்கள், நிதானமாக யோசித்துப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி, யானைக்கு மட்டுமல்ல, கிளி, மைனா, முனியா போன்ற பறவைகளுக்கும் அது பாதுகாப்பு தருகிறது. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வைத்திருப்பதும் பல ஆண்டுகளாகவே தடை செய்யப்பட்டவை. இந்தச் சட்டத்தை 2022ம் ஆண்டு திருத்தினார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது.

ஆக, இது புதிதாக முளைத்த தடை அல்ல. நாம்தான் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தோம். சந்தையில் விற்றார்கள், வாங்கினோம். 'எல்லாரும் வளர்க்கிறார்களே' என்று நினைத்தோம்.

கூண்டுக்கு முந்தைய கதை

கூண்டில் இருக்கும் கிளியை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். அது அங்கே எப்படி வந்தது?

பச்சைக்கிளி, கூடு கட்டத் தெரியாத பறவை. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போன மரப் பொந்துகள், பழைய கட்டடங்களின் சுவர் ஓட்டைகள் ஆகியவற்றில்தான் முட்டையிடும். கிளி பிடிப்பவர்கள், அந்தப் பொந்துக்குள் கையை விட்டு, இறகுகூடச் சரியாக முளைக்காத குஞ்சுகளை எடுத்து விடுவார்கள். காற்றுகூடப் போகாத பெட்டிகளில் அடைத்து, பஸ்ஸிலும் ரயிலிலும் ஒளித்துக் கொண்டு போவார்கள். பசியிலும் நெரிசலிலும் வழியிலேயே பல குஞ்சுகள் செத்துப் போகும். பிழைத்த குஞ்சின் இறக்கையைக் கத்தரித்துக் கூண்டில் போடுவார்கள்.

நாம் ஒரு கிளியைக் காசு கொடுத்து வாங்கினால், 'இன்னும் நாலு குஞ்சு பிடித்து வா' என்று சொன்ன மாதிரிதான். நம் அன்பு உண்மையாக இருக்கலாம். ஆனால், அந்த அன்புக்கு விலை கொடுத்தது யார்?

கிளி கூட்டமாக வாழும் பறவை. இரை தேடப் பல கிலோ மீட்டர் பறக்கும். மாலையில் நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் கூடி, ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டுத்தான் தூங்கும். நல்ல கவனிப்பு இருந்தால் 20 ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். அத்தனை ஆண்டும் இரண்டடி கூண்டில், தனியாக!

அப்போ, லவ் பேர்ட்ஸ்?

'தி.நகரில் என் நண்பன் வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருக்கிறதே, அவன் மேலும் கேஸ் போடுவார்களா?' என்று பயப்படாதீர்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் குட்டிப் பறவையின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1840ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். அன்று முதல் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு வருகிறது. அதனால், அதை வளர்க்கத் தடை இல்லை.

பஞ்சவர்ணக் கிளி, ஆப்பிரிக்க சாம்பல் கிளி போன்ற சில வெளிநாட்டுப் பறவைகளுக்கு வேறு விதி. 2024ம் ஆண்டு வந்த விதிகளின்படி, அவற்றை வளர்ப்பவர்கள் அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வளர்க்கலாம் என்பதற்காக, போரடித்தால் ஜன்னலைத் திறந்து விட்டுவிடலாமா? அதுவும் தப்பு. லண்டன் நகரத்துப் பூங்காக்களில் இன்று ஆயிரக்கணக்கில் நம் ஊர்ப் பச்சைக்கிளிகள் பறக்கின்றன. கூண்டில் இருந்து தப்பியவையும், விடப்பட்டவையும் பெருகியதன் விளைவு அது. பொந்துகளுக்காக உள்ளூர்ப் பறவைகள் அவற்றோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

கிளி ஜோசியர் பாவம் இல்லையா?

பாவம்தான். மயிலாப்பூர் மாட வீதி போன்ற இடங்களில், மரத்தடியில் ஒரு கூண்டும் சீட்டுக் கட்டுமாக உட்கார்ந்திருந்தவர்களை உங்கள் தாத்தா, பாட்டி பார்த்திருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். வேறு தொழில் தெரியாதவர்கள். சட்டம் கிளியைக் காப்பாற்றும் போது, அந்த மனிதருக்கு வேறு பிழைப்புக்கு வழி காட்ட வேண்டியது அரசு மற்றும் நம் எல்லாருடைய பொறுப்பு. இந்தப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. அதற்காக, குஞ்சு பிடிப்பது சரியாகி விடாது.

வீட்டில் ஏற்கனவே கிளி இருந்தால்?

அவசரப்பட்டுத் திறந்து விட வேண்டாம். இறக்கை வெட்டப்பட்ட கிளியால் பறக்க முடியாது. இரை தேடத் தெரியாது. காக்கையோ பூனையோ கொன்று விடும். அப்பா, அம்மாவிடம் பேசுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கிண்டியில் உள்ள வனத்துறையினரைத் தொடர்பு கொண்டு ஒப்படைக்கலாம். பிரியும்போது அழுகை வரும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்னொன்று... ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில், ஆறுமணிக்குருவி என்ற வண்ணப் பறவை வடக்கில் இருந்து தெற்கே பயணம் செய்யும். காலை, மாலை ஆறு மணி வாக்கில் கூவுவதால் இந்தப் பெயர். வழியில் களைத்துப் போய், சென்னை வீடுகளின் பால்கனியில் விழுந்து கிடப்பதும் உண்டு. அழகாக இருக்கிறதே என்று வளர்க்க ஆசைப்படாதீர்கள். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டான அமைதியான இடத்தில் சற்று நேரம் ஓய்வெடுக்க விடுங்கள். தெம்பு வந்ததும் மாலைக்குள் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்கோ, விலங்கு நல அமைப்புக்கோ தகவல் சொல்ல வேண்டும்.

கூண்டுக்குப் பதில் ஒரு நோட்டு

சரி, பறவைப் பிரியர்கள் என்னதான் செய்வது? கூண்டு வாங்கும் காசில் ஒரு நோட்டும் பேனாவும் வாங்குங்கள். மீதிக் காசு நிறைய இருக்கும்!

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோவில் குளத்துப் படியில் கால் மணி நேரம் உட்காருங்கள். மடையான் கொக்கு சிலை மாதிரி நிற்கும். நீர்க்காகம் முங்கி எழுந்து, இறக்கையை விரித்துக் காய வைக்கும். தி.நகர் நடேசன் பூங்காவில் 'டொக்... டொக்...' என்று பாத்திரம் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டால், மேலே பாருங்கள். அதுதான் குக்குறுவான்! கிளிக்கு வீடு குடைந்து கொடுக்கும் அதே பறவை. அடையாறு திரு.வி.க. பாலத்தை பஸ்ஸில் கடக்கும்போது, ஜன்னல் வழியாக முகத்துவாரத்தைக் கவனியுங்கள். வெள்ளைக் கொக்குகளும், நெடுங்கால் உள்ளான்களும் சேற்றில் மேய்வது தெரியும்.

கிளிகளைப் பார்த்தால் கழுத்தைக் கவனியுங்கள். கழுத்தில் ரோஜா நிற ஆரம் இருந்தால், அது வளர்ந்த ஆண் கிளி. பெண் கிளிக்கும், இளம் கிளிக்கும் அது இருக்காது. தோளில் சிவப்புத் திட்டு இருந்தால், அது வேறு இனமான பெரிய பச்சைக்கிளி.

நாள், நேரம், இடம், பறவை, எத்தனை... இந்த ஐந்தையும் எழுதுங்கள். அவ்வளவுதான்!

கால் மணி நேரத்தால் என்ன பயன்?

'இ-பேர்ட்' என்று ஓர் இணையதளம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் 2002ம் ஆண்டு தொடங்கியது. உலகம் முழுவதும் உள்ளவர்கள், தாங்கள் பார்த்த பறவைகளை அதில் பதிகின்றனர். நம் தமிழ்நாட்டில், 2015ம் ஆண்டில் இருந்து பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளை எண்ணி, இ-பேர்டில் பதிய வேண்டும். வீட்டு மொட்டை மாடியே போதும். நீங்களும் பெரியவர்கள் உதவியோடு கலந்து கொள்ளலாம்.

இப்படிச் சேர்ந்த கணக்குகளை வைத்துத்தான், 2023ம் ஆண்டு 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வெளியானது. சுமார் 30 ஆயிரம் பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடி பதிவுகளில் இருந்து, 942 வகைப் பறவைகளின் நிலையை ஆராய்ந்தார்கள். அவற்றில் 178 வகைகளுக்கு உடனடி கவனம் தேவை என்று தெரிய வந்தது.

இந்தக் கணக்கு ஒரு வதந்தியையும் சோதித்தது. 'செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்து விட்டது' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சினிமாவிலும் வந்தது. 2020ம் ஆண்டு வெளியான முதல் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால், சிட்டுக்குருவி 25 ஆண்டுகளாக ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கிறது. பெரிய நகரங்களில்தான் குறைந்து வருகிறது. டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எண்ணிப் பார்த்ததால்தான் இது தெரிந்தது.

அதனால், 'காக்கையும் மைனாவும்தானே, இதை எல்லாம் எழுதுவதா?' என்று விட்டு விடாதீர்கள். இன்று சாதாரணமாகத் தெரியும் பறவை, நாளை குறையத் தொடங்கினால், அதைக் காட்டிக் கொடுப்பது உங்கள் பழைய நோட்டுதான்.

ஆன்லைனில் கவனம்!

* கூட்டையும் குஞ்சையும் போட்டோ எடுத்து, இடத்தின் பெயரோடு போடாதீர்கள். குஞ்சு பிடிப்பவர்களும் இன்டர்நெட் பார்க்கிறார்கள்.

* பறவையை அருகில் வரவழைக்க, போனில் அதன் குரலைப் போடாதீர்கள். எதிரி வந்துவிட்டதோ என்று கூட்டை விட்டு ஓடிவரும்.

* 'பேசும் கிளிக்குஞ்சு விற்பனைக்கு' என்ற விளம்பரத்துக்கு லைக் போடாதீர்கள். பெரியவர்களிடம் காட்டி வனத்துறைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

* பறவை பார்க்க வெளியே போகும்போது பெரியவர் ஒருவர் கூட வரட்டும்.

ராயப்பேட்டை மொட்டை மாடிக்கு வந்த கிளிகளுக்குப் பெயர் கிடையாது. கூப்பிட்டால் வராது. கையில் உட்காராது. ஆனாலும் மறுநாள் தாமாகவே வந்தன. நாளை சனிக்கிழமையோ, ஞாயிறோ... மாலையில் உங்கள் மொட்டை மாடிக்குப் போய், கால் மணி நேரம் வானத்தைப் பாருங்கள். எத்தனை கிளி போகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுகூடப் போகவில்லை என்றாலும், அதையும் நோட்டில் எழுதுங்கள். வரவில்லை என்பதும் ஒரு தகவல்தான்!

என்ன குட்டீஸ், நோட்டு ரெடியா?