தேயிலையும் சமாதானமும்

உதகமண்டலத்தில் காந்தல். காலைப் பனி இன்னும் விலகவில்லை. டீக்கடை முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கையில் சுடச்சுட டீ. அந்தத் தூள் குன்னூரில் ஏலம் போனதாக இருக்கலாம். குடிப்பவரில் ஒருவர் இலங்கையில் பிறந்தவராகவும் இருக்கலாம். நீலகிரியில் இது அதிசயம் அல்ல.

தூளுக்கு வரி எவ்வளவு என்று இரண்டு சர்க்கார்கள் பேசி முடிவு செய்தன. அந்த மனிதர் எந்த நாட்டுப் பிரஜை என்றும் அவைதான் பேசி முடிவு செய்தன. இரண்டு பேச்சிலும் டீக்கடையில் நிற்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐந்தேகால் லட்சம் பேர்

1964 அக்டோபர் 30-ந் தேதி டில்லியில் லால்பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

சீனப் போர் முடிந்து இரண்டே வருஷம். அண்டை நாட்டோடு மனஸ்தாபம் வேண்டாம் என்று டில்லி நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. ஆனால் இலங்கைக்கு அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியைச் சம்பாதித்துக் கொடுத்தது இந்த ஜனங்கள் பறித்த கொழுந்து. கொழுந்து வேண்டும், பறித்த கை வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, எத்தனையோ குடும்பங்கள் நீலகிரிக்கு வந்தன. 1968 முதல் தமிழக அரசு அவர்களுக்காகத் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. அங்கே விட்ட கூடையை இங்கே மறுபடி முதுகில் கட்டினார்கள்.

வரிச் சலுகை

1998 டிசம்பர் 28-ல் இன்னொரு ஒப்பந்தம். வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்காவும் கையெழுத்திட்டார்கள். வியாபாரம் தாராளமாக நடந்தால் உறவும் பலப்படும் என்பது எண்ணம். 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. இலங்கைத் தேயிலை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரை சலுகை வரியில் வரலாம் என்றார்கள்.

அதே சமயத்தில்தான் நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. சிறு விவசாயிகள் கொதித்தார்கள். கோபம் நியாயமானதே. ஆனால் பழியை எல்லாம் இலங்கைத் தூள் மேல் போட முடியாது. சலுகை ஒதுக்கீட்டில் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது. 1991-ல் சோவியத் ரஷ்யா உடைந்து, நம் பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். தரத்தைக் கவனிக்காமல் விட்டதும் நம் குறைதான்.

சரி, வியாபாரம் பெருகியதால் இலங்கையில் சண்டை நின்றதா? இல்லை. 2003 ஜூனில் டோக்கியோவில் உலக நாடுகள் கூடி, 450 கோடி டாலர் உதவி தருவதாகச் சொல்லின. சமாதானப் பேச்சு முன்னேறினால்தான் பணம் என்று நிபந்தனையும் இருந்தது. விடுதலைப் புலிகள் அந்த மாநாட்டுக்கே போகவில்லை. 2009 மே வரை ரத்தம் ஓடியது. பணத்தைக் காட்டிச் சமாதானத்தை விலைக்கு வாங்கப் பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

ஐரோப்பாவில் நடந்தது

ஆகவே வியாபாரத்தால் சமாதானம் வராது என்று கைவிரித்துவிடவும் முடியாது. மூன்று முறை ஜெர்மனியோடு மோதிய நாடு பிரான்ஸ். 1951-ல் இவ்விரண்டும் இன்னும் நான்கு நாடுகளும் நிலக்கரி, எஃகு வியாபாரத்தை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தன. அதன் ஆலோசனைக் குழுவில் முதலாளிகளுக்கு எத்தனை இடமோ, தொழிலாளர்களுக்கும் அத்தனை இடம். சுரங்கத்தில் இறங்குகிறவன் குரலும் அங்கே கேட்டது. பிறகு அந்த நாடுகளுக்குள் போரே வரவில்லை. அது ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் கவனிக்க வேண்டிய சங்கதி அல்லவா?

இந்தியாவும் இலங்கையும் 2016-ல் புதிய பொருளாதார ஒப்பந்தத்துக்குப் பேச ஆரம்பித்தன. சுற்றுச் சுற்றாகப் பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. அடுத்து எப்போது கூடினாலும் அதிகாரிகளோடு இன்னும் இரண்டு நாற்காலி போடட்டும். ஒன்று கோத்தகிரிச் சிறு விவசாயிக்கு. மற்றது நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் அம்மாளுக்கு. விலையும் கூலியும் கட்டவில்லை என்பது இருவருக்குமே தெரியும். மொழிபெயர்ப்பாளர் செலவும் இல்லை. அவர்கள் தமிழிலேயே பேசிக்கொள்வார்கள்.