'ஆஸ்பெஸ்டாஸ் கண்டறியப்படவில்லை': டால்கம் பவுடர் லேப் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

ஒரே பாட்டில் பவுடர். 2019 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) அதைப் பரிசோதித்துவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 33,000 பேபி பவுடர் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. பதினோரு நாள் கழித்து அதே நிறுவனம் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. அதே பாட்டிலில் இருந்து 15 சோதனைகள், அதே லாட்டில் இருந்து 48 சோதனைகள் செய்தோம், எதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்றது. எஃப்டிஏ தன் முடிவில் இருந்து பின்வாங்கவில்லை.

அப்போ யார் பொய் சொல்கிறார்கள்? முதலில் எனக்கும் இந்தக் கேள்விதான் தோன்றியது. ஆனால் இரு தரப்பும் பொய் சொல்லாமலேயே இப்படி ஒரு நிலைமை வரலாம். அது எப்படி என்று புரிந்துகொண்டால், நம்ம ஊர் பவுடர் டப்பா பற்றி வரும் செய்திகளையும் வேறு கண்ணால் படிப்பீர்கள்.

கல்லும் நாரும்

டால்க் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம மாக்கல். சேலத்துக் கல்சட்டி செய்யும் அதே ரகம். நகத்தால் கீறினாலே மாவாக உதிரும், அவ்வளவு மென்மையான கனிமம். ஆஸ்பெஸ்டாஸைத் தமிழில் கல்நார் என்கிறோம். உண்மையில் ஆங்கிலப் பெயரைவிட இதுதான் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது: கல்தான், ஆனால் நாராகப் பிரியும் கல். கூரை ஷீட்டில் இருப்பது கிரைசோடைல் என்ற வகை. ட்ரெமோலைட், ஆன்தோஃபிலைட் என்று வேறு வகைகளும் உண்டு. சட்டப்படி ஆஸ்பெஸ்டாஸ் என்று கணக்கில் வருபவை மொத்தம் ஆறு.

பிரச்னை பூமிக்கு அடியிலேயே தொடங்குகிறது. டால்க்கும் பெரும்பாலான ஆஸ்பெஸ்டாஸ் வகைகளும் மெக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்து உருவானவை. ஒரே மாதிரியான பாறைகளில், ஒரே மாதிரியான வெப்பத்தில் பிறப்பவை. அதனால் ஒரு டால்க் படிவத்தின் ஓரத்திலோ நடுவிலோ ட்ரெமோலைட் நரம்பு மாதிரி ஓடலாம். ராஜஸ்தானின் உதய்பூர் வட்டாரத்தில் டால்க் சுரங்கங்களும் உண்டு, ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களும் இருந்தன. பவுடரில் யாரும் ஆஸ்பெஸ்டாஸைக் கொண்டுவந்து கலப்பதில்லை. வெட்டி எடுக்கும்போதே சேர்ந்து வந்துவிடும் என்பதுதான் பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் நார்களைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மிசோதீலியோமா, கருப்பைச் சூலகப் புற்றுநோய் ஆகியவை வரலாம். மிசோதீலியோமா வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை (ஐஏஆர்சி) ஆஸ்பெஸ்டாஸ் கலந்த டால்க்கை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலில் வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் டால்க்கையே 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற 2ஏ பிரிவுக்கு மாற்றியது. அது தனி விவாதம். இங்கே நாம் பேசுவது கலப்படத்தைக் கண்டுபிடிப்பது பற்றி மட்டும்.

லேப்பில் என்ன நடக்கிறது?

1976-ல் அமெரிக்க அழகுசாதன நிறுவனங்களின் சங்கம் தனக்குத்தானே ஒரு பரிசோதனை முறையை வகுத்துக்கொண்டது. பெயர் ஜே4-1. சட்டம் கிடையாது, தன்னார்வ முறை. ஆனால் பல பத்தாண்டுகளாக 'எங்கள் டால்க்கைச் சோதித்துவிட்டோம்' என்று நிறுவனங்கள் சொன்னதன் பின்னால் பெரும்பாலும் இருந்தது இதுதான்.

முதல் படி எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன். பவுடர் மீது எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய கோணங்களில் அதைச் சிதறடிக்கும். அந்த வரைபடத்தைப் பார்த்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், ஜே4-1 முறையில் ட்ரெமோலைட் போன்றவை எடையில் 0.5 சதவீதம் அளவுக்கு இருந்தால்தான் கணக்கில் வரும். அதற்குக் கீழே இருந்தால் வரைபடத்தில் ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்றால் சோதனை அங்கேயே முடிந்தது. ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை'. தெரிந்தால் மட்டும்தான் இரண்டாவது படியான மைக்ராஸ்கோப்புக்குப் போகும்.

இன்னொன்றும் உண்டு. கிரைசோடைலைத் தேடும் வேலையே ஜே4-1 முறையில் இல்லை. 2019-ல் எஃப்டிஏ கண்டதாகச் சொன்னது கிரைசோடைல்.

இரண்டாவது படியில் வருவது போலரைஸ்டு லைட் மைக்ராஸ்கோப். நல்ல கருவிதான். நார் எப்படி இருக்கிறது, ஒளியை எப்படி வளைக்கிறது என்று பார்த்து வகையைச் சொல்லிவிடலாம். ஆனால் சாதாரண ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. சுமார் 0.2 மைக்ரோமீட்டரைவிட மெல்லிய நார் அதில் தென்படாது. அது உங்கள் தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு. டால்க்கை முகத்துக்குப் போடும் அளவுக்கு நைசாக அரைக்கும்போது கூடவே அரைபடும் நார்களில் பல இந்த எல்லைக்குக் கீழே போய்விடும்.

அதையும் பார்க்க வேண்டுமென்றால் டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். ஒவ்வொரு நாராகப் பிடித்து, அதில் என்னென்ன தனிமங்கள், படிக அமைப்பு என்ன என்று சரிபார்க்கலாம். 2019-ல் எஃப்டிஏ பயன்படுத்தியது இந்த வகைக் கருவியைத்தான். விலை அதிகம், நேரம் அதிகம், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

சதவீதம் என்பது நம்மை ஏமாற்றும் எண். 0.5 சதவீதம் என்றால் 'ஒண்ணுமே இல்லையே' என்று தோன்றும். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

5 மைக்ரோமீட்டர் நீளம், 0.2 மைக்ரோமீட்டர் தடிமன் உள்ள ஒரு நாரை எடுத்துக்கொள்ளுங்கள். உருளை வடிவம், ஒரு கன சென்டிமீட்டருக்கு 3 கிராம் அடர்த்தி என்று வைத்தால், ஒரு கிராம் எடைக்குச் சுமார் 2 லட்சம் கோடி நார்கள் தேவைப்படும். அப்படியென்றால் ஒரு கிராம் பவுடரில் 0.5 சதவீதம் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அது சுமார் 1,000 கோடி நார்கள். அந்த எல்லைக்குச் சற்றே கீழே இருந்தாலும் பழைய முறையின் முதல் படியில் ரிப்போர்ட் 'கண்டறியப்படவில்லை'தான்.

2019-ல் எஃப்டிஏ சொன்ன அளவு 0.00002 சதவீதத்துக்கு மேல் இல்லை. அதே கணக்கில் ஒரு கிராமுக்கு அதிகபட்சம் 4 லட்சம் நார்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே 25,000 மடங்கு வித்தியாசம். எல்லா நாரும் ஒரே அளவில் இருக்காது, பவுடரில் இருப்பதெல்லாம் மூச்சில் போகாது, எனவே இது நோய் வாய்ப்பின் கணக்கு அல்ல. 'இல்லை' என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டத்தான் இது. ஆஸ்பெஸ்டாஸில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று நிரூபிக்கப்பட்ட ஓர் அளவு கிடையாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சரி, அப்போ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்தால் பிரச்னை முடிந்ததா? இல்லை. அந்தக் கருவி பார்ப்பது ஒரு மில்லிகிராமிலும் ஒரு துளிப் பகுதியை. ஒரு மூட்டை அரிசியில் நாலு கல் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் ஒரு ஸ்பூன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கல் இல்லை என்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த ஸ்பூனில் ஒன்று மாட்டுகிறது. இருவருமே பார்த்ததைத்தான் சொல்கிறீர்கள். ஒரே பாட்டிலுக்கு இரண்டு முடிவு வருவதற்கு இது ஒரு வழி.

இன்னொரு வழி, லேப்பிலேயே தூசு கலப்பது. ஜான்சன் அமர்த்திய ஒரு லேப்பிலும் முதலில் சில சாம்பிள்களில் ஆஸ்பெஸ்டாஸ் தெரிந்திருக்கிறது. சாம்பிள் தயாரித்த அறையில் இருந்த போர்ட்டபிள் ஏசியில் இருந்து அது வந்தது என்று நிறுவனம் விளக்கியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இவ்வளவு நுண்ணிய அளவில் தேடும்போது அறைக் காற்றும் ஒரு சந்தேக நபர் என்பது உண்மை.

மூன்றாவது தகராறு, எதை நார் என்று எண்ணுவது என்பது. ட்ரெமோலைட் நாராகவும் வளரும், கட்டியாகவும் வளரும். கட்டியை அரைத்தால் உடைந்த துண்டுகளும் நீளவாக்கில் இருக்கும். அது ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, வெறும் உடைசல் என்பது தொழில்துறையின் வாதம். நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்பது எதிர்த் தரப்பின் கேள்வி. அமெரிக்க அரசுத் துறைகளின் கூட்டுக் குழு 2022 ஜனவரியில் சொன்ன வழி எனக்கு நியாயமாகப் படுகிறது: ஒளி மைக்ராஸ்கோப், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இரண்டும் பயன்படுத்துங்கள், பெயர் வைக்கும் சண்டையைத் தள்ளிவைத்து, 0.5 மைக்ரோமீட்டர் நீளத்தில் இருந்து எல்லா நீளத் துகள்களையும் எண்ணிப் பதிவு பண்ணுங்கள்.

விதி வந்தது, போனது

2022 டிசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறிய அழகுசாதனச் சட்டம், டால்க் சோதனைக்கு ஒரு நிலையான முறையை வகுக்கும்படி எஃப்டிஏவுக்கு உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் வரைவு விதி வந்தது. இரண்டு மைக்ராஸ்கோப்பும் கட்டாயம் என்றது. 2025 நவம்பரில் எஃப்டிஏ அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறுபரிசீலனை செய்து இன்னும் விரிவாகக் கொண்டுவருவோம் என்பது காரணம். 1976-ல் தொடங்கிய கதைக்கு இன்றும் சட்டபூர்வமான பதில் இல்லை.

இடையில் நீதிமன்றங்களில் ஆயிரக்கணக்கான வழக்குகள். 2018-ல் மிசௌரி மாகாணத்தில் 22 பெண்களுக்கு 469 கோடி டாலர் வழங்கச் சொன்ன தீர்ப்பு, மேல்முறையீட்டில் பாதிக்கும் கீழே குறைந்தது. தங்கள் டால்க் பாதுகாப்பானது, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 2020-ல், உலகம் முழுக்க 2023-ல் டால்க் பேபி பவுடரை நிறுத்திச் சோள மாவுக்கு மாறிவிட்டது.

நம்ம ஊரில்?

2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. 1971 முதல் 2000களின் தொடக்கம் வரை சில சோதனைகளில் சிறிய அளவில் ஆஸ்பெஸ்டாஸ் தென்பட்டது ஜான்சனுக்குத் தெரியும் என்றது அது. உடனே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இமாச்சலின் பத்தி, மும்பையின் முலுண்ட் தொழிற்சாலைகளில் பவுடர் தயாரிப்பை நிறுத்தச் சொல்லி சாம்பிள் எடுத்தார்கள். 2019 பிப்ரவரியில் அரசுச் சோதனையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று வந்து, உற்பத்தி மறுபடி தொடங்கியது.

அந்தச் செய்திக்கு 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லை' என்று தலைப்பு வைத்தவர்களில் நானும் ஒருவன். எந்த முறை, எந்த அளவு வரை தேடினார்கள், எத்தனை பேட்ச் என்று கேட்கத் தோன்றவில்லை. அதே 2019-ல் அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் நம்ம ஊர்க் கடைகளில் வாங்கிய டால்கம் பவுடர்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, ஆஸ்பெஸ்டாஸ் கிடைத்ததாக ஒரு தொழில்சார் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்கு இவ்வளவு பெரிய தலைப்பு எதுவும் கிடைத்த ஞாபகம் இல்லை.

நம்மிடம் தரவிதிகள் இல்லாமல் இல்லை. உடலுக்குப் போடும் பவுடருக்கு ஐஎஸ் 3959, குழந்தைகள் பவுடருக்கு ஐஎஸ் 5339. 2020-ன் அழகுசாதன விதிகள் இவற்றைக் கட்டாயமாக்குகின்றன. ஆனால் வேகத்தைப் பாருங்கள். மகாராஷ்டிராவில் 2018 இறுதியில் எடுத்த பேபி பவுடர் சாம்பிளின் சோதனை முடிவு வந்தது 2019 டிசம்பரில். உரிமம் ரத்தானது 2022 செப்டம்பரில். 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்து, தாமதத்தைக் கடுமையாகச் சாடியது. இத்தனைக்கும் அது ஆஸ்பெஸ்டாஸ் விவகாரமே இல்லை, வெறும் பிஎச் அளவு. பள்ளிக்கூட லேப்பிலேயே பார்க்கக்கூடிய சோதனை.

இப்போ உங்கள் பாத்ரூம் அலமாரிக்குப் போங்கள். பவுடர் மட்டுமல்ல, காம்பாக்ட், பிளஷ், ஐ ஷேடோ எல்லாவற்றின் பின்பக்கமும் திருப்பி இன்கிரீடியன்ட்ஸில் டால்க் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, பதற வேண்டாம். குழந்தைக்குப் போடுவதாக இருந்தால் டால்க்கோ சோள மாவோ, முகத்துக்குப் பக்கத்தில் புகை மாதிரி தட்டாதீர்கள். எந்தத் தூசும் அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு நல்லதில்லை. 'ஆஸ்பெஸ்டாஸ் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் தட்டுங்கள்: எந்த முறையில் சோதித்தீர்கள், எந்த அளவு வரை கண்டுபிடிக்க முடியும், சோதித்தது என் கையில் இருக்கும் பேட்ச்சையா, சுரங்கத்தில் இருந்து வந்த மூலப்பொருளையா?

எங்கள் வீட்டில் அம்மா முப்பது வருஷமாக வாங்கும் பிராண்டுக்கு நானும் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. 'எங்கள் தயாரிப்புகள் அனைத்துத் தர விதிகளுக்கும் உட்பட்டவை. தங்கள் ஆதரவுக்கு நன்றி.' முறையின் பெயர் இல்லை. அதே கேள்வியை மறுபடி அனுப்பியிருக்கிறேன், டப்பாவின் அடியில் இருந்த பேட்ச் நம்பரையும் சேர்த்து.