எந்தத் தெரு?

விஸ்வஜோதி கோஷின் 'டெல்லி காம்' (2010) என்ற ஆங்கிலச் சித்திர நாவலைச் சிலாகிக்கும் நண்பர்கள், "நம்ம கலவரத்த இப்படி ஒருத்தரும் வரையலியே" என்று அங்கலாய்க்கிறார்கள். 1975 ஜூன் 25-இல் தொடங்கிய நெருக்கடி நிலையில் டெல்லி வாழ்ந்த வாழ்க்கையைப் பழுப்பு நிறத்தில் தீட்டிய புத்தகம் அது. நல்ல புத்தகம்தான். எனக்கு உறுத்துவது நண்பர்கள் சொல்லும் அந்த 'நம்ம'.

அவர்கள் சொல்வது 1991 டிசம்பரை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பும் ஒரு ஜூன் 25-இல் வந்ததுதான். டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூர் எரிந்தது. தமிழன் அடிபட்டான் என்று மேடைதோறும் முழங்கினார்கள். எந்தத் தமிழன்? மாடிவீட்டுத் தமிழன் கதவைச் சாத்திக்கொண்டான். பெரும்பாலும் எரிந்தது குடிசை. ஓடிவந்தது மண் சுமந்தவனும் சாக்கடை அள்ளியவனும்.

நான் அப்போது கைக்குழந்தை. அம்மா அங்கே சித்தாள். இன்றும் சொல்வாள்: "உன்ன இடுப்புல வச்சிக்கினு அத்திப்பள்ளி வரைக்கும் நடந்தேன். நடுவுல ஒரு கன்னடத்துப் பொம்பள, அவளும் சேரிக்காரிதான், உள்ள கூப்ட்டு சொம்புல தண்ணி குடுத்தா. எல்லை தாண்டி நம்ம பக்கம் வந்து ஒரு டீக்கடையில தண்ணி கேட்டேன். எந்தூருன்னான், சொன்னேன். எந்தத் தெருன்னான். கையேந்தச் சொல்லி மேல இருந்து ஊத்துனான்."

காவிரித் தண்ணீருக்காகத் தமிழச்சி என்று விரட்டப்பட்டவளுக்குத் தமிழ் மண்ணில் கிடைத்த தண்ணீர் இது. ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூணு பாஷை புழங்குகிறது. சாதிக்கு மட்டும் எல்லாப் பாஷையிலும் ஒரே கேள்விதான்.

2016 செப்டம்பரில் மறுபடியும் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. பஸ்ஸெல்லாம் ஜூஜூவாடியோடு நின்றது. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே ஜனங்கள் மூட்டையோடு நடந்தார்கள். இனமானம் பேசியவர்கள் அன்றைக்கும் பேசினார்கள். ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்குத் தண்ணீர் தராதது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஊர்க் கிணற்றில் சேரிக்குத் தண்ணீர் தராததற்கு எந்த நடுவர் மன்றம்? அதற்கு எத்தனை பேர் கடையடைத்தீர்கள்?

வரைய முன்மாதிரி கேட்கிறீர்களா? இருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணா', 2011-இல் நவயானா வெளியிட்டது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைந்தார்கள். ஆட்களைக் கட்டத்துக்குள் அடைக்கமாட்டோம் என்று சொல்லியே வரைந்தார்கள். அதில் மூன்று பகுதிகள்: தண்ணீர், உறைவிடம், பயணம். பள்ளிக்கூடத்தில் பானையைத் தொடக்கூடாத சிறுவனில் தொடங்குகிறது கதை. எங்கள் அம்மாவின் டிசம்பரும் இந்த மூன்றும்தான்: தண்ணீர் மறுத்தார்கள், குடிசையைக் கொளுத்தினார்கள், நடக்கவைத்தார்கள்.

ஆகவே கலவரத்தை வரைய வருகிற நண்பர்களே, எரிகிற பஸ்ஸை வரையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு அந்த டீக்கடையையும் வரையுங்கள். மேலே சொம்பு பிடித்த கை, கீழே ஏந்திய கை. நடுவில் விழுகிற தண்ணீர் காவிரியா, ஏரியா என்று அம்மா கேட்கவில்லை. கடைக்காரன்தான் தெருவைக் கேட்டான். அதை வரைய மனசில்லாதவர்கள் 'நம்ம' என்ற சொல்லை எடுக்காதீர்கள். எங்கள் பிள்ளைகள் கையிலும் இப்போது பென்சில் இருக்கிறது. அவர்கள் வரைவார்கள்.