நான்காவது மலைக்கு யார் கதை எழுதுவது?

2025 ஜூலையில் மராத்தியர் காலக் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அதிலிருந்து ஊரில் மறுபடியும் தேசிங்கு ராஜா பேச்சுதான். 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டையிட்டுச் செத்தவனின் கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைக் காட்டுவார்கள். நான்காவதாக ஒரு சிறு குன்றும் கோட்டையில் உண்டு. அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். ஒரு சாதியின் பெயரையே தாங்கி நிற்கிற அந்தக் குன்றைப் பற்றி நாங்கள் அறிய ஒரு நாவல்கூட இல்லை. தேசிங்கின் குதிரைக்குக் கதைப்பாட்டில் பெயர் இருக்கிறது. அதற்குச் சேணம் தைத்தவர் யார்?

சரித்திர நாவல் என்றாலே 'பொன்னியின் செல்வன்' என்று சொல்லும் மாணவத் தோழர்களுக்கு நாங்கள் முதலில் கொடுப்பது பூமணியின் 'அஞ்ஞாடி' (2012). கரிசல் காட்டில் பள்ளர் வீட்டு ஆண்டியும் வண்ணார் வீட்டு மாரியும் சிநேகிதர்கள். அவர்களில் தொடங்கித் தலைமுறைகளைக் கடந்து, 1899 சிவகாசிக் கலவரம் வரை கதை விரிகிறது. கலவரத்தை அரசாங்க அறிக்கையில் படிப்பது வேறு, துணி வெளுக்கிறவரின் வாசலில் நின்று பார்ப்பது வேறு. பூமணிக்குத் 'தலித் எழுத்தாளர்' என்ற அடையாளம் பிடிக்காது. அது அவர் விருப்பம், நாவல் நம்முடையது.

டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்கள் சங்கமான கதை. பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டத்து நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. 'பரதேசி' படம் பார்த்தவர்கள் இதையும் படித்துவிட வேண்டும்.

ஜெயமோகனின் 'வெள்ளை யானை' பற்றி எங்களுக்குள் சண்டை உண்டு. தாது வருஷப் பஞ்சத்தையும் சென்னை ஐஸ் ஹவுஸில் நம் மக்கள் நடத்திய வேலைநிறுத்தத்தையும் சொல்கிறது. ஆனால் ஐரிஷ் அதிகாரி ஏய்டனின் கண் வழியாகவே சொல்கிறது. நம் துயரத்தைப் பார்த்துக் கலங்க ஒரு வெள்ளைக்காரர் எதற்கு? இருந்தாலும் படியுங்கள், படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல், விலையும் அதிகம். எங்களிடம் ஒரு பிரதி இருக்கிறது. இப்போது மூன்றாவது ஆளிடம் போயிருக்கிறது, அட்டை கழன்றுவிட்டது. அடுத்து வேண்டுவோர் சொல்லி வையுங்கள்.