ஓடைக் கல்லையும் புரட்டிப் பாருங்க

மண்புழுவைப் பற்றிப் பேசாத இயற்கை விவசாயக் கூட்டம் கிடையாது. ஓடைக்குள்ளே அதே வேலையைச் செய்யும் நண்டு, பூச்சிப் புழுக்களை யாரும் பேசுறதில்லை.

ஓடையில் விழுந்த சருகு தானா மட்கிடும்னு நினைக்கிறோம். முதலில் அதன்மேல் பூஞ்சை படரும். அந்த ருசிக்குத்தான் புழுக்கள் வந்து கடிச்சுத் தின்னுது. அதுங்க எச்சமும் கடிச்ச தூளும் நீரோட போக, அதை வடிகட்டித் தின்ன கீழே வேற பூச்சிகள், அதுகளைத் தின்ன மீன். மீன் கழிக்கும் தழைச்சத்து பாசிக்கு உரம்.

1980-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், கோவீட்டா காட்டு ஓடை ஒன்றில் ஆராய்ச்சிக்காகவே மெத்தாக்ஸிகுளோர் பூச்சிக்கொல்லியை விட்டுப் பார்த்தாங்க. பூச்சிகள் கூட்டமா அடிச்சுட்டுப் போச்சு. சருகு மட்குறது மந்தமாச்சு. கீழே போகிற தூளும் குறைஞ்சுது.

நம்ம ஓடைகளில் இதை அளக்காமலே செய்றோம். மருந்தடிச்ச டேங்கைக் கழுவுறது அங்கே. மீனுக்காகப் பிளீச்சிங் பவுடர் கொட்டுறதும் அங்கேதான். பங்கேற்புச் சான்றுக்காக ஒருத்தர் வயலை இன்னொருத்தர் பார்க்கப் போறோமே, ஏன் வரப்போட திரும்பிடுறோம்? ஓரத்து ஓடையில் இறங்கி நாலு கல்லைப் புரட்டினால் புழு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமா வைக்கப் போறேன். மறுப்பு இருந்தா அங்கேயே சொல்லுங்க.