இரண்டு சித்திரை போதாது

சித்திரை மாத நண்பகலில், மதுரை யானைமலைப் பக்கம் வேப்பமர நிழலில் வைத்திருக்கும் ஒரு தேனீப் பெட்டியின் வாசலைப் பாருங்கள். வேலைக்காரத் தேனீக்கள் வரிசையாக நின்று ஓயாமல் சிறகடித்துக்கொண்டிருக்கும். இன்னும் சில, பூவுக்குப் போகாமல் தண்ணீருக்குப் போய் வரும். கொண்டுவந்த துளியை அடைமேல் பரப்பி, அறையை ஆறவைக்கும். வெளியே வெயில் 40 டிகிரி. உள்ளே புழு வளரும் அடையில் சூடு 35 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். வேம்பு பூத்துக் கிடக்கும் நாளில், தேன் சேர்க்க வேண்டிய உழைப்பெல்லாம் குளிரவைப்பதிலேயே கரைகிறது.

இந்தச் சூட்டுக் கணக்கு வெறும் வசதிக்கானது இல்லை. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டுப்புழுப் பருவத்தில் 32 டிகிரியில் வளர்ந்த தேனீக்கள், 36 டிகிரியில் வளர்ந்தவற்றைவிடக் கற்பதிலும், பூ இருக்கும் திசையை ஆடிக் காட்டுவதிலும் பின்தங்கின. நாலு டிகிரி, ஆயுள் முழுக்க நீளும் குறை. ஆனால் அது ஐரோப்பியத் தேனீ வகையை வைத்துக் குளிர்நாட்டில் எழுந்த கேள்வி. நம் கேள்வி வேறு: நம் அடுக்குத் தேனீயின் புழு, மதுரை வெயிலில் என்ன ஆகிறது?

2015இல் வந்த இன்னொரு ஆய்வு என்னை அதிகம் உலுக்கியது. நெருக்கடியில் வயதான தேனீக்கள் சாகும்போது, புழுவுக்கு ஊட்ட வேண்டிய இளம் தேனீக்கள் வயதுக்கு முன்பே இரைதேடக் கிளம்புகின்றன. பிஞ்சிலேயே வேலைக்குப் போகும் அவை சில நடைகளிலேயே மாண்டுபோகின்றன. அவற்றின் இடத்துக்கு அவற்றினும் இளையவை. கூட்டம் சரிவது இப்படித்தான்.

தென்னாடு ஒரு சரிவை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவி, தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழித்தது. மார்த்தாண்டம் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களின் பெட்டிகள் காலியாயின. நோய் கண்ட அறையில் புழு சுருண்டு கிடக்காமல் நிமிர்ந்து கிடக்கும். ஈர்க்குச்சியால் தூக்கினால் நீர் கட்டிய பை போல வரும். மீண்டது எப்படி? தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியவர்கள் தேனீ வளர்ப்போர். எந்தப் பெட்டி தாங்கியது என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

இதையெல்லாம் இங்கே ஆராய, முனைவர் பட்டம் முடித்த இளைஞருக்குக் கிடைக்கும் தேசிய உதவித்தொகையின் காலம் 2 ஆண்டு. கூட்டம் பிடித்து, பெட்டியில் பழக்கி, பதிவு தொடங்குவதற்குள் முதல் கோடை போய்விடும். அடுத்து வரும் ஐப்பசி மழை பொய்த்தால், வெயிலால் வந்த குறை எது, பூ இல்லாமல் வந்த குறை எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அடுக்குத் தேனீயோ தாங்காவிட்டால் பெட்டியை விட்டே ஓடிவிடும், ஆய்வே பறந்துவிடும்.

ஆகவே 5 ஆண்டு வேண்டும் என்கிறேன். இடம் புதிதாகத் தேட வேண்டாம். 1965இல் தொடங்கிய வேளாண் கல்லூரி ஒத்தக்கடையில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் முருங்கை, எள், தென்னை இருக்கின்றன. தேனீ வளர்ப்போரையும் கூலி கொடுத்து ஆய்வில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை அடைச் சட்டத்தைத் தூக்கி, மூடிய புழு அறைகளை எண்ணி, அன்றைய வெயிலோடு ஒரு நோட்டில் எழுதட்டும். முதல் பக்கத்தை வரும் சித்திரையில் தொடங்கலாம்.