தகுதிச் சான்றும் தேர்வுக் கட்டணமும்

கணினித் துறையிற் பணி விழையும் மாணாக்கர்க்குப் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றே போதாதென்னும் எண்ணம் இந்நாளில் வலுத்து வருகின்றது. சிஸ்கோ, அமேசான், மைக்ரோசாஃப்ட் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் தத்தம் கருவிகளைக் கையாளும் திறத்தைச் சோதித்துத் தனிச் சான்றிதழ் வழங்குகின்றன. வேலை விளம்பரங்களும் அவற்றைப் பெயர் சுட்டிக் கேட்கின்றன. தமிழ் பயில்வானுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனச் சிலர் நகைக்கலாம். விடுதியில் அடுத்த அறையின் விளக்கு நள்ளிரவிலும் அணையாதிருக்கக் காரணம் வினவாதிருத்தல் எங்ஙனம்?

அறிவைச் சோதித்தல் தகுமென்பதை யான் மறுக்கின்றிலேன்; கட்டணம் அமைந்துள்ள முறையையே மறுக்கின்றேன். வலையமைப்புக் கலையின் தொடக்கப் படியாகிய சிஸ்கோவின் 'சி.சி.என்.ஏ.' தேர்வுக்குக் கட்டணம் 300 டாலர். நம் நாணயத்தில் அது ரூ. 25,000-க்குக் குறையாது, வரி வேறு. அமெரிக்கத் தொழிலாளி சில நாள் ஊதியத்தில் செலுத்தும் இத்தொகை, நம்மூர்க் கூலித் தொழிலாளிக்கு இரண்டு மாத உழைப்பு. ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசை ஆண்டவர் மிகுதியாக எண்ணினார். தேர்வு நிலையத்தார் அங்ஙனம் எண்ணுவதில்லை. தவறினாலோ, மறுமுறையும் முழுக் கட்டணமே. எவ்வினாவில் இடறினான் என்பதும் தவறியவனுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. பகுதிவாரியான மதிப்பீடு மட்டுமே கிட்டும்.

இவ்வச்சம் ஒரு தீமையைப் பிறப்பிக்கின்றது. கசிந்த வினாக்களை 'டம்ப்' என்னும் பெயரால் விற்போர் உளர். அவற்றை மனப்பாடஞ் செய்து எழுதுதல் நெறிக்குப் புறம்பு. வெளிப்படின் சான்றிதழும் பறிபோகும். எனினும், ஒரு முறைக்கு மட்டுமே பணமுடையவன் அவ்வலையில் வீழ்வது வியப்பன்று. ரெட் ஹாட் நிறுவனத்தார் நிகழ்த்தும் லினக்ஸ் தேர்வில், இயங்கும் கணினியொன்றில் இட்ட பணியைச் செய்தே காட்டல் வேண்டும். மனப்பாடம் அங்கே அவ்வளவாகச் செல்லாது. அவர்தம் கட்டணமும் எளிதன்று என்பது வேறு செய்தி!

இனிக் காலவரையறை. பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டில் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டிதத் தேர்வு நடத்தியது. அதில் தேறியவர் ஆயுள் முழுதும் பண்டிதரே. சி.சி.என்.ஏ. சான்றோ மூன்றாண்டில் காலாவதியாகும். மறுதேர்வு எழுதியோ தொடர்கல்விப் புள்ளி ஈட்டியோ அதனைப் புதுப்பித்தல் வேண்டும். இலக்கணம் போலக் கணினிக்கலை நிலைத்து நிற்பதன்று. ஆதலின் புதுப்பிக்கச் சொல்லுதல் முறையே. அதற்கும் பணம் கொள்வது முறையோ? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஓராண்டுச் சான்றிதழ்கள் பலவற்றை இணையவழிச் சிறு தேர்வினாற் கட்டணமின்றிப் புதுப்பித்துக்கொள்ள 2021 முதல் இடந்தருகின்றது. ஒருவர்க்கு இயல்வது ஏனையோர்க்கு இயலாதோ?

அந்நிறுவனங்கள் நம் சொற்கேட்டு மாறும்வரை மாணாக்கர் காத்திருத்தல் இயலாது. நம் பழைய மாணவர் சங்கத்தார் ஒரு கடன் நிதி தொடங்குவாராக. பத்து மாணாக்கரின் தேர்வுக்கு வரியுட்பட மூன்று இலட்ச ரூபாய்க்குச் சற்று மேற்படும். கணினித் துறை ஆசிரியர் வைக்கும் மாதிரித் தேர்வில் தேறியவர்க்குக் கட்டணத்தை முன்பணமாக அளித்து, வேலை கிடைத்தபின் வட்டியின்றித் திரும்பப் பெறலாம். அவருள் முதன்முறை தவறியவர்க்கு இரண்டாம் முறையும் அளித்தல் வேண்டும். இதனை வீண்செலவென்பார் சிலர் இருப்பர். டம்ப் விற்போர்க்கு வாடிக்கையாளர் அவ்விரண்டாம் முறைக்கு அஞ்சுவோரே.